மூன்றாம் எண் கூண்டு

என் பெயர் நம்பு.
ராமேஸ்வரத்துப் பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது
நம்புநாயகி பேரில் நம்புவாக இருப்போம்.
வருகைப் பதிவேட்டைப் புரட்டிய வெளியூர் அதிகாரி
"யாரை?" என்று கேட்டார் ஒருமுறை.
சிரித்துவைத்தேன்.

பாம்பன் துறைமுக அலுவலகத்தில்
கூண்டு ஏற்றுவது என் வேலை.
சென்னையிலிருந்து எண் வரும்.
கயிற்றை இழுத்தால் கூண்டு ஏறும்.
புயலைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்
மூன்றாம் எண் ஏற்றிவிட்டு டீக்கடைக்குப் போனேன்.
"வராது" என்றார் ரெமிஜியுஸ்.
"எல்லாம் இங்கன வந்து மொகத்தக் காட்டிட்டு
வடக்க போயிரும்."
மதியம் பார்க்கிறேன்,
அவர் படகுக்கு இரண்டு நங்கூரம்.
இன்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி
தங்கச்சிமடத்தில் மகள் வீட்டுக்கு
ஆட்டோவில் அனுப்பிவிட்டார்.
அவர் மனைவி மட்டும்
அலைக்கு முப்பதடியில், ஓலைக்குக் கீழே
அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வரும், கட்டாயம் வரும்" என்றவர் சீனி இபுராகிம்.
செல்போனில் சுழல்வதைக் காட்டி
கண்ணைப் பாரு, கண்ணைப் பாரு என்றார்.
ராத்திரி பதினோரு மணிக்கும் கடை திறந்திருந்தது.
கூரைத் தகரத்துக்கு ஒரு கல்கூட ஏறவில்லை.

எனக்கு அப்போது ஒரு கணக்கு இருந்தது.
வாயைக் கேட்காதே, கையைப் பார்.
பழைய டைரியில் இரண்டு பத்தி போட்டு
சொன்னது, செய்தது என்று
எழுதிக்கூட வந்தேன்.
கூண்டுக்குக் கீழே ராத்திரிக் காவல் இருப்பவனுக்கு
வேறென்ன பொழுதுபோக்கு.

விடிய நாலு மணி.
வாடை சீறிக்கொண்டிருக்கும்போது
தென்கடல் பக்கம் ஒரு வள்ளம் இறங்கியது.
தஸ்நேவிஸ்.
டார்ச் அடித்தேன்,
தலையைக் குனிந்துகொண்டு தள்ளினான்.
டைரியில் எழுதினேன்:
நம்பவில்லை.

பத்து மணிக்குத் திரும்பினான்.
பாதி வலை அறுந்து, மீதி வலை நண்டோடு சுருண்டு,
உள்ளங்கை இரண்டும் கிழிந்து.
கூண்டு ஏறினது தெரியலையாடா என்றேன்.

"உங்களுக்கு முந்தியே தெரியும்ணே.
முந்தாநாளே தண்ணி நெறம் மாறிருச்சு."

அப்புறம் ஏன்டா போனே?

"வல உள்ள கெடந்துச்சு.
வலைக்கு வாங்குன கடன் வெளிய கெடக்கு.
வராதுன்னா அங்கனயே கெடக்கட்டும்னு
தூங்கியிருப்பேன்ல.
வரும்னுதான போனேன்."

டைரியில் அந்தச் சொல்லை
அடிக்கவும் தோன்றவில்லை, திருத்தவும் தோன்றவில்லை.
பேனாவை மூடினேன்.

சாயங்காலம் ரெமிஜியுஸ் வீட்டம்மாவைப் பார்த்தபோது
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
இன்ஜின அனுப்பினவரு உன்னைய ஏன் அனுப்பலை?
"அவருதான் முந்தாநாளிலேர்ந்து
போ போங்கிறாரு.
இன்ஜின் சொன்னாக் கேக்கும், நான் கேப்பனா?"
அரிசிப் பானையைச் சிலுவை வரைந்து மூடினாள்.
அடுப்பு நனையாமலிருக்க
தார்ப்பாயும் கட்டியிருந்தாள்.

இபுராகிமிடம் கேட்கவில்லை.
இரண்டு தகரம் பறந்திருந்தது.
அந்த ராத்திரி அவர் கடையில்
மெழுகுவர்த்தி எத்தனை விற்றது என்றும்
எனக்குத் தெரியாது.

புயல் வடக்கே ஒதுங்கியது.
நான் சொல்லல என்றார் ரெமிஜியுஸ்.
நான் சொல்லல என்றார் இபுராகிமும்,
தகரத்தைத் தேடிக்கொண்டே.

கூண்டை இறக்கினேன்.
கயிற்றை முடிந்து, முடிச்சை
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
மூன்றாம் எண் வந்த அன்று காலையில்,
கூண்டு ஏற்றுவதற்கு முன்னால்,
பைக்கைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்
மண்டபத்தில் மச்சினன் வீட்டில் விட்டுவந்தேன்.
சர்வீஸுக்கு என்று சொல்லியிருந்தேன்.
ஆயில் மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது,
அதுவும் பொய்யில்லை.